கிட்டங்கியைப் பூட்டினேன், பினாங்குக் கடை திறந்து கிடந்தது

காரைக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள பங்காளி,

ஆறு மாதமாகப் பதில் போடவில்லை, திட்டிக்கொள். ஆத்தா நலம், முட்டிதான் தகராறு. நீ கேட்ட ஆத்தங்குடிக் கல் விலை அடுத்த கடிதத்தில். இப்போது என் மானம் போன கதையைக் கேள்.

கானாடுகாத்தான் கல்யாணத்தைப் படம்பிடித்தேன் அல்லவா, மொத்தம் 38 ஜிபி. கோப்பு அனுப்பும் பழைய முறையான எஃப்டிபியில் சர்வருக்கு ஏற்றினால் கடவுச்சொல் மூடாமல் கொள்ளாமல் அப்படியே போகும் என்று பயமுறுத்தியது நீதானே? அதனால் எல்லாவற்றையும் பூட்டி அனுப்பும் எஸ்எஃப்டிபிக்கு மாறினேன். எஸ்எஸ்எச் என்ற மறையாக்கப் பாதை வழி, 22ஆம் போர்ட், கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பு. பாதியில் கரண்ட் போயும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. ஏறியதும் இரண்டு பக்கமும் கோப்பின் கைரேகை மாதிரியான ஷா-256 எடுத்து ஒப்பிட்டேன், அச்சு அசல். பெருமை தாங்கவில்லை எனக்கு.

அங்கிருந்து சிடிஎன், அதாவது ஊர் ஊராக நகல் வைத்துக் கொடுக்கும் சர்வர் வலை. பினாங்குச் சொந்தங்கள் திணறாமல் பார்க்க வேண்டுமே. நம் ஐயாமார் கடல் கடந்து கொண்டுவிற்கப் போன கதைதான்: சரக்கு இங்கே கிட்டங்கியில், கடை அங்கே. முதல் ஆள் கேட்டதும் அந்தப் பக்கத்து சர்வர் நகல் எடுத்து வைத்துக்கொள்ளும், அடுத்தவருக்கு அதையே கொடுக்கும்.

மூன்றாம் நாள் கல்யாணப் பெண்ணின் அப்பச்சி போன். "என்னப்பா, சீர்ச் சாமான் பரப்பினதையும் வைரத்தையும் எவனோ எண்ணிச் சொல்றான்?" யாரோ சுட்டியை வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். பதறிப்போய் மூலக் கோப்பை அழித்தேன். பினாங்கில் ஜம்மென்று ஓடிக்கொண்டே இருந்தது! நகலுக்கு 24 மணி நேரக் கெடு வைத்த மகான் நானேதான். பர்ஜ் செய்து, அதாவது அங்கங்கே இருந்த நகலையும் அழிக்கச் சொன்ன பிறகுதான் அடங்கியது.

எஸ்எஃப்டிபி காத்தது என் மேசையிலிருந்து சர்வர் வரையிலான வழியை மட்டும். அதற்கப்புறம் சுட்டி கையில் இருந்தவனெல்லாம் விருந்தாளி. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பெண் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் உறுத்துகிறது.

இப்போது சர்வர் சரிபார்க்கும் ரகசியக் குறி போட்ட, கையொப்பமிட்ட சுட்டிதான். காலாவதி நேரம் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு எழுத்தை மாற்றினாலும் கதவு திறக்காது. ஆனால் வீடியோ 6 விநாடித் துண்டுகளாக ஓடுகிறதே, துண்டுக்குத் துண்டு கையொப்பம் வேண்டுமா, பிரவுசரில் அனுமதிச் சீட்டு மாதிரி வைக்கும் குக்கீ ஒன்று போதுமா? உடனே எழுது, அல்லது தைப்பூசத்துக்குப் பழனி நடைக்கு வா, குன்றக்குடியில் பேசுவோம்.

பாக்கிப் பணம் இன்னும் வரவில்லை. கேட்க வாய் வரவில்லை.

உன்
கடைசி பெஞ்சு