முறுக்குத் தின்றான், பால் பருகினான்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆஸ்பத்திரி என்று நாள் ஓடிவிட்டது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வருகிறார். வந்ததும் முதல் வேலையாக என் ரசத்தில் உப்பு போதாது என்றார். தேறிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

சரி, உன் மகள், அதாவது என் மருமகள் விஷயம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்த பிள்ளையிடம், காலேஜில் காலெடுத்து வைத்ததும் ஆங்கிலத்தில் அசைன்மெண்ட் எழுது என்றால் அழத்தான் செய்யும். நாமும் அழுதவர்கள்தானே. ஆனால் தினம் பத்து சொல் மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறாயே, அதை மட்டும் நிறுத்திவிடு.

நானும் அப்படிப் பட்டியல் போட்டுப் படித்தவன். ‘நொட்டோரியஸ் – பேர்போன’ என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். முதல் வேலையில் எங்கள் மேலாளர் ரிட்டயர் ஆனபோது வாழ்த்துமடல் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. நேரம் தவறாமைக்கு அவர் ‘நொட்டோரியஸ்’ என்று எழுதி, மைக்கில் வாசித்தும் விட்டேன். மனிதர் சால்வையைச் சரிசெய்தபடி என்னையே பார்த்தார். நாம் பேர்போன திருடன் என்கிறோம், பேர்போன அல்வாக் கடை என்றும் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அந்தச் சொல் கெட்ட பேருக்கு மட்டும்தான்.

நம் தமிழ் ஐயா வினைமரபு நடத்தியது நினைவிருக்கிறதா? முறுக்குத் தின்றான், பால் பருகினான், கூடை முடைந்தான், அம்பு எய்தான். கூடை செய்தான் என்று எழுதினால் பிரம்புதான் பேசும். ஆங்கிலத்துக்கும் வினைமரபு உண்டு என்று அன்று யாரும் நமக்குச் சொல்லவில்லை. நாம் எல்லாவற்றுக்கும் ‘பண்ணு’ போட்டுப் பழகியவர்கள். அங்கே ஹோம்வொர்க்குக்கு ‘டூ’, மிஸ்டேக்குக்கு ‘மேக்’. மாத்திரையை நாம் போடுகிறோம், அவர்களுக்கு அது ‘டேக்’. சில இடங்களில் இரண்டும் ஒத்துப்போகும்: கனமழை என்பது ‘ஹெவி ரெயின்’, பலத்த காற்று ‘ஸ்ட்ராங் விண்ட்’. ஆகவே சொல்லைத் தனியாக எழுதாமல், அது யாரோடு சேர்ந்து வருகிறதோ அந்தச் சொல்லோடு சேர்த்து நோட்டில் எழுதச் சொல்.

இதற்கு ஆங்கில–தமிழ் அகராதி மட்டும் பத்தாது. ஆக்ஸ்போர்டின் அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்ஷனரி ஒன்று வாங்கிக் கொடு, பழைய பதிப்பானாலும் பரவாயில்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி என்பவர் அங்குள்ள மாணவர்களை மனதில் வைத்துத் தொகுத்தது அது. 1942இல் டோக்கியோவில்தான் முதலில் அச்சானது. வீட்டில் ஆங்கிலம் பேசாதவர்கள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்று தெரிந்து செய்த வேலை.

அப்புறம், பிளஸ் டூ தமிழைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று சொல். ‘எ’ (a) போடுவதா ‘ஆன்’ (an) போடுவதா என்று குழம்புகிறாள் என்றாயே, அதற்குத் தமிழ் எழுத்தே போதும். ஓர் இரவு, ஒரு பகல் என்கிற கணக்குதான். ஆங்கிலச் சொல்லை ஒலிக்கிறபடி தமிழில் எழுதிப் பார்க்கட்டும். ‘அவர்’ (hour), ‘எம்எல்ஏ’, ‘எக்ஸ்ரே’ எல்லாம் உயிரெழுத்தில் தொடங்குகின்றன, ‘ஆன்’ வரும். ‘யுனிவர்சிட்டி’ யகரத்தில் தொடங்குகிறது, ‘எ’ போதும். ‘த’ (the) எங்கே வரும் என்பதற்கு இப்படிக் குறுக்குவழி கிடையாது. நானே இன்னமும் தடுமாறுகிறேன்.

அதற்கு அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்க்ளின் சிறுவயதில் செய்த வேலை உதவும். நல்ல கட்டுரை ஒன்றைப் படித்து, வாக்கியத்துக்கு வாக்கியம் குறிப்பு எடுத்து, சில நாள் கழித்து அந்தக் குறிப்பை வைத்துத் தானே எழுதிப் பார்த்து, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவாராம். மருமகள் குறிப்பைத் தமிழிலேயே எடுக்கலாம். ஆங்கிலப் பேப்பரில் ஒரு பத்தி, அவ்வளவுதான். விட்டுப்போன ‘த’ எல்லாம் தானே தெரியும்.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போவதானால் போகட்டும், பேச்சுக் கூச்சம் போகும். எழுத்துக்கு அது உதவாது.

மாதம் ஒரு பக்கம் எனக்கு ஆங்கிலத்தில் எழுதச் சொல். சிவப்புப் பேனாவோடு காத்திருக்கிறேன். வாழ்த்துமடல் கதையை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதே. தங்கச்சிக்கு இரண்டு பாக்கெட் கோவில்பட்டி கடலைமிட்டாய் பார்சலில் வருகிறது, உனக்குச் சர்க்கரை இருப்பதால் எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

உன்,
கடைசி பெஞ்சுக்காரன்