சீத்தாக்கொட்டை பொடி போடறதுக்கு முன்னாடி கண்ணையும் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். பாலக்கோடு பக்கத்துல இருந்து எழுதறேன். உங்க பேப்பர்ல வீட்டு வைத்தியம் பகுதியில தலைப்பேனுக்கு சீத்தாக்கொட்டைய அரைச்சு தேய்ங்கன்னு போட்டிருந்தீங்க. பேன் சாகும்ங்க, அதுல பொய் இல்ல. ஆனா கண்ணுல பட்டா என்ன ஆகும்னு ஒரு வரி கூட இல்லியே.

போன சீசன்ல எங்க வீட்டுல நடந்தது இது. ஆறாவது படிக்கற பொண்ணுக்கு தலை பூரா பேனு, ஈரு. அவங்க ஆயா கொட்டைய மொட்டை மாடியில காயவெச்சு மிக்ஸில அரைச்சு எண்ணெயில குழைச்சு தேச்சு விட்டாங்க, தலைக்கு ஊத்தும்போது தண்ணியோட கண்ணுல இறங்கிடுச்சு. ராத்திரி பூரா எரியுது எரியுதுன்னு அழுவுறா, லைட்ட பாக்க முடியல, ரெண்டு கண்ணும் மிளகாப்பழம் மாதிரி செவந்துபோச்சு. காலைல கண் டாக்டர்கிட்ட ஓடினோம். அந்த கொட்டையில இருக்கற விஷம் கருவிழிய புண்ணாக்கிடும்னு சொல்லி கண்ண கழுவி சொட்டு மருந்து குடுத்தாரு. நல்லவேளை, ஒரு வாரத்துல சரியாச்சு.

பேனுக்கு அப்புறம் மெடிக்கல்ல பெர்மெத்ரின் 1 சதவீத லோஷன் வாங்கினோம். தலைய ஷாம்பு போட்டு அலசி, துண்டுல ஒத்தி எடுத்து, தடவி 10 நிமிஷம் விட்டு கழுவணும். கண்ண துணியால மூடிக்கணும், அது முக்கியம். ஒரு தடவையோட நிறுத்தினா வேஸ்ட், ஏன்னா மருந்துல பேன் சாகும், ஈரு சாகாது, அது 7ல இருந்து 10 நாளுக்குள்ள பொரிச்சு திரும்ப கிளம்பிடும், அதனால 9ஆம் நாள் மறுபடி போட்டோம். நடுவுல ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா ஈரத்தலையில பேன் சீப்பு போட்டு வாரினோம். என் தலையிலயும் இருந்துச்சு, சொல்ல வெக்கமாத்தான் இருக்கு! ஒண்ணா படுக்கறோம்ல, பேன் பறக்காது, தாவாது, பெரும்பாலும் தலையோட தலை ஒட்டினாத்தான் ஏறும். வீட்டுல இருக்கற எல்லார் தலையயும் பாத்து, இருக்கறவங்களுக்கு ஒரே நாள்ல மருந்து போட்டாத்தான் தீரும்.

மண்ணெண்ணெய், பூச்சிமருந்து தடவறவங்களும் எங்க தெருவுல இருக்காங்க, அது இன்னும் மோசம்.

ஆடி முடிஞ்சா நம்ம பக்கம் கூடை கூடையா சீத்தாப்பழம் வந்துடும். அதுக்கு முன்னாடி அதே பகுதியில, அதே சைஸ் எழுத்துல, கண்ணு விஷயத்தையும் போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.