டொபர் பக்கத்திலேயே நில்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. பொங்கலுக்குச் சென்னை சங்கமத்தில் குழுவோடு ஆடப்போகிறாய் என்று அம்மா நம் ஊர் கோக்கால் முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்களுக்குப் பெருமைதான்.

அறிவிப்பாளரிடம் ‘கோத்தர்’ என்று எழுதியே கொடு. நீலகிரி என்றால் படுகர் ஆட்டம் என்று சொல்லிவிடுவார்கள். ஊதுகிற குழலும் கொள், அதில் வரும் மெட்டும் கொள் என்பது நமக்குத்தான் தெரியும். பத்து நிமிஷம்தான் என்றால் ஓர் ஆட்டக் கொள் போதும், மூன்றைத் திணிக்காதே. நேரமில்லை என்று கடைசியில் வரும் பெண்கள் ஆட்டத்தை வெட்டச் சொன்னால் சம்மதிக்காதே. சாமிக் கொள் மேடைக்கு வேண்டாம். சாவுக் கொள் கூடவே கூடாது, ஒலிப்பதிவுக்குத்தான் என்று கெஞ்சினாலும்.

கடற்காற்றில் மேளத் தோல் தொய்ந்துவிடும். தபட்க், டொபர், கிண்வர் மேளம் மூன்றையும் மேடை ஏறுவதற்குச் சற்றுமுன் காய்ச்சு. அரங்குக்குள் தீ மூட்ட விடமாட்டார்கள், வெளியே இடம் இப்போதே கேட்டு வை. தணல் போதும், சுடர் படக்கூடாது. திருப்பித் திருப்பி, தட்டிப் பார்த்தபடி காட்டு. ஒரே பக்கம் காட்டினால் தோல் கருகிக் கிழியும். சீக்கிரம் காய்ச்சிவிட்டால் உங்கள் முறை வருவதற்குள் ஆறிவிடும்.

கொள்ளுக்கு நேரே மைக் வைக்காதே, அதன் சத்தமே போதும். டொபருக்கு வை. கொள் ஊதுகிறவன் டொபர் பக்கத்திலேயே நிற்கட்டும். நம் மெட்டு அடிக்கு அடி தாளத்தோடு ஒட்டிப்போவதில்லை, சில அடிகளில்தான் வந்து சேரும். ஸ்பீக்கரைக் கேட்டு ஊதினால் அந்த அடி தவறும், ஆடுகிறவர்கள் காலும் தவறும். கூட்டத்தைப் பார்த்து வரிசையாக ஆடச் சொல்வார்கள். வட்டத்தைக் குலைக்காதே. எதிரே ஆடுகிறவன் காலைப் பார்த்துத்தான் புதுப்பிள்ளைகள் அடி வைப்பார்கள். மறுபடி சொல்கிறேன், டொபர் பக்கத்திலேயே நில்.

மேடை நல்லதுதான். நாலு பேர் பார்த்தால் நம் பிள்ளைகளுக்கும் கொள் எடுக்க ஆசை வரும். ஆனால் மேடைக்குப் போகிற கொள்தான் நாளைக்கும் நினைவில் இருக்கும். சாமிக் கொள் எல்லாம் நம் சாமி கம்பட்ராயர் பண்டிகையில் ஊதுவது. கன்னத்தில் காற்றைத் தேக்கி, மூக்கால் இழுத்துக்கொண்டே விடாமல் ஊதுவதைக்கூட டம்ளர் தண்ணீரில் குமிழி விட்டுத் தனியே பழகிவிடலாம். எந்தக் கொள் எந்த நாளுக்கு, எந்த அடியில் இறங்குவது என்பதெல்லாம் கொள் ஊதும் பெரியவர் பக்கத்தில் இரவெல்லாம் நின்றால்தான் வரும். அவருக்கு மூச்சு முன்போல இல்லை. இரண்டாவது கொள்ளுக்கு யார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. நீ போனில் மைக்கைப் பற்றிக் கேட்டாய், தீயைப் பற்றிக் கேட்டாய், பண்டிகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அமாவாசை கழிந்த திங்கள்கிழமை தொடங்குகிறோம். கோயில் கூரை வேலைக்கு ஆள் இருக்கிறது.

உன் ஆட்டக் குப்பசத்தை, அந்த அங்கியை, அம்மா வெளுத்து வைத்திருக்கிறாள். சென்னைக்கு அனுப்பவா, இங்கேயே வைக்கவா, எழுது.

அப்பா