கொதிகலன் நிற்பது குளிரால் அல்ல: எமது கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்க இயக்குநர் சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும் இயக்குநர் சபை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சங்கத்தின் பால் பதனிடும் நிலையத்துக்கு நாளாந்தம் பால் ஊற்றும் அங்கத்தவர்களில் நானும் ஒருவன். ஊர் திரும்புவதற்கு முன் நோர்வேயில் ஒரு தொடர்மாடிக் கட்டடத்தின் எண்ணெய்க் கொதிகலனைச் சில ஆண்டுகள் பராமரித்தவன் என்பதால், கூட்டத்தில் சொல்ல முடியாமற்போனதை இங்கே எழுதுகிறேன்.

மார்கழி மழை தொடங்கிய நாளிலிருந்து எமது டீசல் கொதிகலன் விடியப்புறத்தில் பற்றுவதும் நிற்பதுமாக இருக்கிறது. அது நின்றால் பாலைக் காய்ச்சவும் முடியாது, கான்களைக் கழுவச் சுடுநீரும் கிடையாது. கறந்த பாலை அங்கத்தவர்கள் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோகிறார்கள். இதற்குக் குளிரே காரணம் என்று சபை தந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கடுங்குளிரில் டீசலிலுள்ள மெழுகு திரண்டு பில்ரரை அடைப்பது உண்மைதான். நோர்வேயில் பனிக்காலத்துக்கென்றே தனி டீசல் விற்பதும் அதனால்தான். ஆனால் வன்னியில் விடியற்காலை வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். 2022 மார்கழியில் மண்டோஸ் புயலோடு வந்த குளிரில் எங்கள் மாடுகள் பட்டியிலேயே விறைத்துச் செத்தன. அந்தக் குளிருக்குக்கூட டீசல் உறைந்திருக்காது.

கடந்த வாரம் கொதிகலனை இயக்கும் தம்பியின் அனுமதியோடு தாங்கியின் அடிக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் டீசல் பிடித்தேன். கால் மணித்தியாலம் அசையாமல் வைத்த பிறகு, மேலே தேன் நிறத்தில் டீசலும், அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குக் கலங்கல் தண்ணீரும், இரண்டுக்கும் நடுவே கறுத்த வழுவழுப்பான ஒரு படையும் தெரிந்தன. தாங்கி வெளியில் கூரையின்றி நிற்கிறது. மூச்சுக்குழாய்க்கு மூடி இல்லை. எண்ணெய் ஊற்றும் வாயின் றப்பர் வாசர் வெடித்துவிட்டது. பாதி வெறுமையான தாங்கி இரவில் ஈரக் காற்றை இழுத்து உட்சுவரில் வியர்க்கும். அந்த வியர்வையும் மழைநீரும் அடியில் சேர்ந்து, காலையில் பம்பி முதலில் உறிஞ்சுவது தண்ணீரையே. டீசலைத் தூவும் நொசிலில் தண்ணீர் வந்தால் சுவாலை அணையும். சுவாலையைக் காணாத ஒளி உணரி சில விநாடிகளில் பேர்ணரை (எரிகருவியை) நிறுத்திவிடும். அது பழுதல்ல, காவல்.

அந்தக் காவலைத்தான் நாம், நின்ற பேர்ணரை மீண்டும் தொடக்கும் ரீசெற் பொத்தானைத் திரும்பத் திரும்ப அமத்தித் தோற்கடிக்கிறோம். நான் நின்ற காலையில் நான்கு தடவை அமத்தப்பட்டது. ஒவ்வொரு தடவையும் எரியாத டீசல் கொதிகலனின் எரியறைக்குள் விழ, புகைபோக்கியால் வெண்புகையும் பச்சை டீசல் மணமும் வந்தன. நான்காம் தடவை பற்றியபோது எழுந்த வெடியோசையில் முன்கதவு அதிர்ந்தது. தம்பியைக் குறை சொல்லவில்லை. வரிசையில் பாற்கான்களோடு நிற்பவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அவர் வேறென்ன செய்வார்? மண்ணெண்ணெய் கலந்து பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். பொருளாதாரத் தடைக் காலத்தில் இரண்டு துளி பெற்றோல் விட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர் எங்களுடையது. அந்தக் கெட்டித்தனத்தில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் தண்ணீரை மண்ணெண்ணெய் அகற்றாது.

ஆகவே சபையிடம் கேட்பது இதுதான். தாங்கியை முழுதாக வடித்துக் கழுவி, மூச்சுக்குழாய்க்கு மூடியும் மேலே ஒரு தகரக் கூரையும் போடுங்கள். பம்பிக்கு முன் தண்ணீர் பிரிக்கும் பில்ரர் ஒன்றைப் பூட்டுங்கள். நொசிலை மாற்றி ஒளி உணரியின் கரியைத் துடைக்கச் செய்யுங்கள். மழைக்காலம் முழுதும் வாரம் ஒருமுறை அடித்தண்ணீர் வடிக்கப்பட வேண்டும். ரீசெற் பொத்தானை ஒரு தடவைக்கு மேல் அமத்தக் கூடாது என்பதை எழுதி ஒட்டுங்கள். அதை மீறுமாறு எந்த உறுப்பினரும் கொதிகலனை இயக்குபவரை வற்புறுத்தக் கூடாது. நீராவிக் கொதிகலன்களைத் தகைமையுள்ள ஒருவர் காலத்துக்குக் காலம் பரிசோதிக்க வேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. எமது கொதிகலனின் கடைசிப் பரிசோதனை அறிக்கையை அங்கத்தவர்கள் பார்க்க வழி செய்யுங்கள்.

அந்தப் போத்தலைச் சங்க அலுவலகத்தில் திகதியிட்டு ஒப்படைத்துள்ளேன். அடுத்த கூட்டத்தில் அதை மேசையில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பால் ஊற்றும் அங்கத்தவர் ஒருவர்,
கிளிநொச்சி