மூன்றாவது ஆண்டு: லிங்கன் நகரிலிருந்து அப்பாவுக்கு

லிங்கன், நெப்ராஸ்கா
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நலம், நலமறிய ஆவல். ஆடி முதல் வாரத்தில் நீங்கள் எழுதிய கடிதம் நேற்றுதான் கைக்குக் கிடைத்தது. போனில் பேசும்போதெல்லாம் கல்லூரி அணி, பந்தாட்டம் என்றே பேசுகிறேனே, அப்படி அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் இல்லை. நீள்முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு எதிரணியின் எல்லைக்குள் ஓடுவதுதான் ஆட்டம். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நம்மூர்க் கபடியில் பாடிப் போகிறவனை ஏழு பேரும் சேர்ந்து அமுக்குவதைப் போலத்தான் இங்கும் பந்து வைத்திருப்பவரை மடக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும்.

நெப்ராஸ்காவில் பெரிய தொழில்முறை அணி எதுவும் கிடையாது. அதனால் மாநிலம் முழுவதற்கும் நெப்ராஸ்கா பல்கலைக்கழக அணி ஒன்றே சொந்த அணி. 1923இல் திறந்த மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேர் வரை அமரலாம். பெருந்தொற்றால் பார்வையாளர் இல்லாமல் ஆடிய 2020ஆம் ஆண்டைத் தவிர, 1962 நவம்பர் தொடங்கி இன்றுவரை இங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றிருக்கிறது. சென்ற செப்டம்பரில் இல்லினாய் அணியோடு ஆடியது அந்த வரிசையில் 400ஆவது ஆட்டம். ஆட்டம் நடக்கும் நாளில் ஒமாஹா, லிங்கன் நகரங்களுக்கு அடுத்து மக்கள் அதிகமாக இருக்கும் மூன்றாவது ஊர் இந்த ஸ்டேடியம்தான் என்று பெருமையாகச் சொல்வார்கள்.

வெற்றி தொடர்ந்து வந்ததால் கூட்டம் வந்தது என்று எண்ணிவிடாதீர்கள். 1970, 1971, பிறகு டாம் ஆஸ்போர்ன் பயிற்சியாளராக இருந்தபோது 1994, 1995, 1997 என்று ஐந்து முறை தேசியப் பட்டம் வென்ற அணி, 2017 முதல் 2023 வரை ஏழு ஆண்டுகள் தொடர்ச்சியாக வெற்றியைவிடத் தோல்வியையே அதிகம் கண்டது. 2021இல் தோற்ற ஒன்பது ஆட்டங்களில் ஒன்றில்கூடப் பத்துப் புள்ளி வித்தியாசம் இல்லை. பெருந்தொற்று ஆண்டைத் தவிர, அந்தத் தோல்வி ஆண்டுகளிலும் இருக்கைகளுக்கு ஆள் இருந்தார்கள். மழை பொய்த்த ஆண்டிலும் விதைப்பை நிறுத்தாத உங்களுக்கு இந்த மனிதர்களைப் புரிந்துகொள்வது கடினமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

இந்த ஆண்டு ஊரில் எதிர்பார்ப்பு கூடியிருப்பதற்குக் காரணம் பயிற்சியாளர் மேட் ரூல். அவருக்கு இங்கே இது மூன்றாவது ஆண்டு. இதற்கு முன் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் முதல் ஆண்டு 2 வெற்றி, இரண்டாம் ஆண்டு 6, மூன்றாம் ஆண்டு 10 என்று அணியை உயர்த்தியவர். பெய்லர் பல்கலைக்கழகத்தில் அதே வரிசையில் 1, 7, 11 வெற்றி. இங்கே 2023இல் 5, சென்ற ஆண்டு 7; டிசம்பரில் நியூயார்க்கில் பாஸ்டன் காலேஜ் அணியை 20–15 என்று வென்றதும் அதில் சேர்ந்தது. இந்தக் கணக்கைக் கடைக்காரர், பேருந்து ஓட்டுநர், என் பேராசிரியர் எல்லோருமே மனப்பாடமாகச் சொல்கிறார்கள். எனக்கும் நம்பிக்கை இருக்கிறது. பந்தை வீசும் டிலன் ரையோலாவின் தந்தை டொமினிக் ரையோலாவும் இதே அணியில் ஆடியவர். மகன் சென்ற ஆண்டு புதியவர். அவர் வீசிய பந்துகளில் பதினொன்றை எதிரணியினர் பறித்துக்கொண்டார்கள். அதைப் பாதியாகக் குறைத்தாலே ஒன்பது வெற்றி கிடைக்கும் என்பது என் கணிப்பு.

முதல் ஆட்டம் வரும் 28ஆம் தேதி வியாழக்கிழமை, கான்சாஸ் சிட்டியில் சின்சினாட்டி அணியோடு. செப்டம்பர் 20 அன்று மிச்சிகன் அணி இங்கே வருகிறது. அணி எந்த நிலையில் இருக்கிறது என்பது அன்றுதான் தெரியும். கடைசி ஆட்டம் நவம்பர் 28 அன்று அயோவா அணியோடு. 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலுமே அந்த அணி கடைசி நொடியில் பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைத்து 13–10 என்று வென்றுவிட்டது. அந்தக் கணக்கு தீர வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி முன்பு சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவர் கார் கொட்டகைக் கதவில் சுண்ணாம்புக் கட்டியால் இன்னும் எத்தனை நாள் என்று தினமும் காலையில் எழுதிவைக்கிறார். தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடினாலும் ஒலியை அடைத்துவிட்டு வானொலி வர்ணனையைத்தான் கேட்பார். கல்லூரிகளே விளையாட்டு வீரர்களுக்கு நேரடியாக ஊதியம் தரலாம் என்று ஜூலை முதல் விதி மாறியிருக்கிறது; ஒரு கல்லூரி ஆண்டுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்தளிக்கலாம். பெரியவருக்கு அதில் மனக்குறை. ஸ்டேடியம் நிறையக் காரணமான வீரர்களுக்கும் பங்கு வேண்டும் என்பது என் எண்ணம். அவர் மனைவி காலமான பிறகும் இரண்டு இருக்கைகளுக்கும் பணம் கட்டிவருகிறார். நான் மாணவர் சீசன் டிக்கெட்டை இம்முறை வாங்கவில்லை, படிப்பு வேலை அதிகம் என்று சொன்னதும், மிச்சிகன் ஆட்டத்துக்கு அந்த இருக்கையில் வந்து உட்கார் என்று சொல்லிவிட்டார்.

கோடையில் ஆய்வுக்கூட வேலை குறைவுதான், செப்டம்பரில் சரியாகிவிடும். பேருந்தை விட்டு நடந்தே போய்வருகிறேன், உடம்புக்கு நல்லது. உடன் தங்கியிருந்த பையன் வேறு ஊருக்குப் போய்விட்டான்; வீடு அமைதியாக இருப்பதால் படிக்க வசதி.

பெரியவர் நேற்று மக்காச்சோளக் கதிர் அவித்து, வெண்ணெய் தடவிக் கொடுத்தார். அம்மா, அது சர்க்கரையாக இனித்தது. ஆனால் நீங்கள் அடுப்புத் தணலில் வாட்டி, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சை மூடியால் தேய்த்துத் தருவீர்களே, அது நினைவுக்கு வந்த பிறகு என்னால் சாப்பிட முடியவில்லை. மாலைக் காற்றில் பச்சைத் தோகை வாசம் வரும்போது, பன்றிக் காவலுக்கு அப்பா பரண் மேல் தகரத்தைத் தட்டிக்கொண்டிருப்பதாகவே தோன்றுகிறது. வந்துவிடலாமா என்றுகூடச் சில இரவுகளில் நினைக்கிறேன்.

அது போகட்டும். இந்த மாதத் தொகையை அடுத்த மாதத்தோடு சேர்த்து அனுப்புகிறேன்; ஒரே தடவையாக அனுப்பினால் வங்கிக் கட்டணம் மிச்சம். கிணற்று மோட்டார் பங்கு பற்றிச் சித்தப்பாவிடம் தனியாகப் பேச வேண்டாம், மாமாவையும் உடன் வைத்துக்கொண்டு, பேசியதை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். புரட்டாசி விதைப்புக்கு முன் உழவு ஒன்று ஆழமாகப் போட்டுவிட்டால், மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து வெயிலில் அழியும். போன ஆண்டு அதை விட்டுவிட்டோம். துறையூர் வரனைப் பற்றித் தங்கையிடம் நேரடியாகக் கேட்டீர்களா? அவள் பி.எட். முடிக்கும் வரை பொறுக்க அவர்கள் சம்மதித்தால் மட்டும் மேற்கொண்டு பேசுங்கள். நகைக்காக நிலத்தின் பத்திரத்தை எங்கும் கொடுக்க வேண்டாம். தை மாதத்துக்குள் என்னால் ஆனதை அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்