பங்காளியும் பக்கத்து வீடும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டுக்கார அம்மா சூப் கொண்டுவந்து கொடுத்தார், நீ ஆசையாக ரஷ்யனில் ‘ஸ்பசீபா’, அதாவது நன்றி, என்றாய், அவர் முகம் சுருங்கிவிட்டது. "எஸ்டோனியா ரஷ்யாவுக்குப் பக்கத்து நாடுதானேப்பா, பாஷையும் ரஷ்யன் மாதிரிதானே இருக்கும்" என்றாய். அந்த ஊர் டார்ட்டுக்கு நீ போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, தெரியாமல் சொன்னதுதான். விட்டுவிடு. ஆனால் அவர் முகம் ஏன் அப்படிப் போயிற்று என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

நாக்பூரில் ரயில்வே வேலையில் நான் கற்ற இந்தியில் இரண்டு, மூன்றுக்கு ‘தோ, தீன்’. ரஷ்யனில் ‘த்வா, த்ரி’. எஸ்டோனியனிலோ ‘கக்ஸ், கோல்ம்’! பின்லாந்துக்காரர் ‘கக்ஸி, கோல்மே’ என்பார். அதாவது ரஷ்யனுக்கு இந்தி தூரத்துப் பங்காளி. எஸ்டோனியன் வெறும் பக்கத்து வீடு. அதன் சொந்தக்காரர்கள் பின்லாந்திலும், கொஞ்சம் தள்ளி ஹங்கேரியிலும் இருக்கிறார்கள்.

இன்னொன்று உனக்குப் பிடிக்கும். ‘மயா’ என்றால் வீடு, ‘மயாஸ்’ வீட்டில், ‘மயாஸ்த்’ வீட்டிலிருந்து. நம் வேற்றுமை உருபு மாதிரியே வால் ஒட்டிக்கொண்டு போகிறது. மொத்தம் 14 வேற்றுமை. அவனுக்கும் அவளுக்கும் ஒரே ‘தா’. இதையெல்லாம் பார்த்துத்தான் கால்டுவெல் 1856-இல் அந்த மொழிக் கூட்டத்தோடு நம் மொழிக்கும் உறவு இருக்கலாம் என்றார். இப்போது பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்பதில்லை. ஆகவே அந்த அம்மாவிடம் போய் "நாம் சொந்தம்" என்று ஆரம்பித்துவிடாதே.

மொழி வேறு என்பதால் அக்கம்பக்கத்து நாட்டவரிடமிருந்து எஸ்டோனியருக்கு ரத்தமும் வேறு என்று நினைத்துக்கொள்ளவும் வேண்டாம். மரபணு ஆய்வில் எஸ்டோனியருக்கு மிக நெருக்கமாக வருபவர்களில் லாட்வியரும் உண்டு. அவர்கள் பேசுவதோ வேறு குடும்பத்து மொழி. எஸ்டோனியர்களைத் தனி இனமாக நிறுத்துவது நாக்குதான். வெகுகாலம் தங்களை ‘மாராஹ்வஸ்’, மண்ணின் மக்கள், என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 1857-இல் யான்சென் என்ற பத்திரிகையாளர் தன் பத்திரிகையின் முதல் இதழில் ‘அன்பான எஸ்டோனிய மக்களே’ என்று விளித்த பிறகே அந்தப் பெயர் பரவலாக ஒட்டியது.

அப்புறம் 1949 மார்ச், சோவியத் ஆட்சிக் காலம். சில நாட்களுக்குள் 20,000-க்கும் மேற்பட்டவர்களை, பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும், சோவியத் ஆட்சியாளர்கள் சைபீரியாவுக்கு ஏற்றிவிட்டார்கள். கூட்ஸ் வண்டியில், பாப்பா. வாழ்நாள் பூராவும் கூட்ஸ் வண்டி பார்த்தவன் நான். அதற்குள் ஆட்களை நினைத்துப் பார்க்க முடியவில்லை. அந்த வீட்டுக் கதை நமக்குத் தெரியாது. கேட்காதே, அவராகச் சொன்னால் கேள்.

அதற்காக அங்குள்ள ரஷ்யர்களை ஒதுக்கிவிடவும் கூடாது. நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அவர்கள். பெய்ப்சி ஏரிக்கரையில் வெங்காயம் பயிரிடும் ‘பழைய நம்பிக்கைக்காரர்கள்’ என்ற ரஷ்யக் கிறிஸ்தவர்கள், ரஷ்யத் தேவாலயச் சீர்திருத்தத்துக்கு அஞ்சி ஓடிவந்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. மொழியும் சும்மா இருக்கவில்லை. ஜன்னலுக்கு ரஷ்யனில் ‘அக்னோ’, எஸ்டோனியனில் ‘அக்கென்’. புத்தகத்துக்கு அவர்கள் சொல்லும் ‘ராமத்’தும் பழைய ஸ்லாவியக் கடன்தான். பக்கத்து வீடென்றால் கைமாற்று இல்லாமலா?

நாளைக்குப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ‘ஐத்தா’ என்று சொல். நன்றி என்று அர்த்தம். காலியாகக் கொடுக்காதே, நீ கொண்டுபோன முறுக்கில் நாலு போட்டுக் கொடு.

சூப்பில் என்ன போட்டிருந்தது என்று அம்மா மூன்று தடவை கேட்டுவிட்டாள். எழுது.

அன்புடன்,
அப்பா