2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

நம் நீரிழிவு சங்கத்தின் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டு மாதங்கள் தவிர மாதக் கூட்டம் தவறாமல் நடந்தது. இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பாண்டிங்கின் பிறந்தநாளான நவம்பர் 14 அன்று, உலக நீரிழிவு நாளை ஒட்டிக் கால் பரிசோதனை முகாம் வைத்தோம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பது சிலருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. முகாமை அடுத்த ஆண்டும் நடத்த வேண்டும்.

இனி, இந்த ஆண்டு நம்மிடையே அதிகம் பேசப்பட்ட மரபணு சிகிச்சைக்கு வருகிறேன். பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தான். ஆகஸ்டில், ‘மரபணு மாற்றிய செல் வந்துவிட்டது, சர்க்கரை நோய் தீர்ந்தது’ என்று ஒரு செய்தி வந்தது. முழுக்கப் படிக்காமல் நம் குழுவில் போட்டுவிட்டேன். எங்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம் என்று மறுநாள் முழுக்கப் போன் அழைப்புகள். ஒருவர் இன்சுலின் அளவைத் தானாகவே குறைத்துவிட்டார். அவர் மனைவி கவனித்துச் சண்டை போட்டதால் தப்பித்தோம். அந்த அம்மாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன், இங்கேயும் கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம்தான் உயிர்மருத்துவ ஆராய்ச்சியாளர் ஒருவரை அக்டோபர் கூட்டத்துக்கு அழைத்தோம். நான் பரப்பிய செய்தி முழுப் பொய் அல்ல என்று அவர் சொன்னபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஸ்வீடனின் உப்சாலாவில், முதல் வகை நீரிழிவு உள்ள ஒருவருக்குத் தானமாகக் கிடைத்த கணையச் செல்களை முன்கைத் தசையில் செலுத்தியிருக்கிறார்கள். உடலின் எதிர்ப்பு மண்டலம் அவற்றை அந்நியமாக அடையாளம் காணாதபடி முன்கூட்டியே மரபணுக்களைத் திருத்தியிருந்தார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து எதுவும் கொடுக்கவில்லை. 12 வாரம் கழித்தும் செல்கள் உயிரோடு இருந்து இன்சுலின் சுரந்தன. ஆனால் செலுத்திய அளவு மிகச் சிறியது, அவர் இன்னும் ஊசி போட்டுக்கொள்கிறார். அந்த ஒருவரைத்தான் என் செய்தி ஊருக்கே மருந்தாக்கிவிட்டது.

முதல் வகையில் சிக்கல் எங்கே என்பதை ஆராய்ச்சியாளர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் காவல் படையே அழித்துவிடுகிறது. புதுச் செல்லை வைத்தால் அதையும் அழிக்கும். அதனால் செல்லை உருவாக்குவது பாதி வேலை, காப்பாற்றுவது மீதி வேலை.

முதல் பாதிக்கு அவர் சொன்ன உதாரணம் டக்ளஸ் மெல்டன். ஹார்வர்டில் தவளைக் கருவின் வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1991இல் கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு முதல் வகை நீரிழிவு வந்ததும் ஆராய்ச்சியையே இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மகளுக்கும் வந்தது. பல வகைச் செல்லாக மாறக்கூடிய ஸ்டெம் செல்லிலிருந்து பீட்டா செல்களைப் பெரிய அளவில் வளர்க்கும் முறையை அவர் குழு வெளியிட்டது 2014இல். அந்த வழியில் வந்த சிமிஸ்லெசெல் என்ற சிகிச்சையின் முடிவு இந்த ஆண்டு ஜூனில் வெளியானது. முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. ஆனால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தொற்று அபாயத்தைக் கூட்டும் மருந்து அது.

செல்லே வேண்டாம், மரபணுவை நேரடியாகத் தசைக்குள் அனுப்பினால் என்ன என்று ஒரு உறுப்பினர் கேட்டார். நல்ல கேள்வி. பார்சிலோனாவில் ஃபாத்திமா போஷ் குழு அதைத்தான் நாய்களிடம் செய்தது. ஆபத்தில்லாத வைரஸ் ஒன்றின் மூலம் இன்சுலினுக்கான மரபணு, செல் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் குளுக்கோகைனேஸ் நொதிக்கான மரபணு என இரண்டைக் கால் தசையில் ஒரே ஒரு முறை செலுத்தினார்கள். நான்கு ஆண்டுகளுக்கு மேல் சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. அது வெளியானது 2013இல். நாயில் பலித்தது மனிதருக்கு மருந்தாக இன்னும் வரவில்லை.

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் இரண்டாம் வகை பற்றி ஆராய்ச்சியாளர் அதிகம் பேசவில்லை. ஒரு மரபணுவின் பிழையால் வருவதல்ல அது. சிறு சிறு பங்காக நூற்றுக்கணக்கான மரபணு மாற்றங்கள் சேர்கின்றன, உடல் எடையும் வாழ்க்கை முறையும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. திருத்துவதற்கு ஒற்றை இடம் கிடையாது. இதைக் கேட்டுப் பின்வரிசையில் சிலர் எழுந்து போனதைக் கவனித்தேன்.

அவர்கள் போன பிறகு வந்த தகவல்தான் உடனே பயன்படக்கூடியது. பிறந்து 6 மாதத்துக்குள் நீரிழிவு கண்ட குழந்தைகளில் பலருக்கு ஏதாவது ஒரு மரபணுவின் பிழை மட்டுமே காரணம். 2004இல் அப்படிப்பட்ட ஒரு மரபணுவைக் கண்டுபிடித்த பிறகு, ஊசியில் இருந்த பல குழந்தைகள் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைக்கு மாறியிருக்கிறார்கள். உங்கள் உறவில் யாருக்காவது அந்த வயதில் நீரிழிவு வந்திருந்தால், மரபணு பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். இப்போது பெரியவர்களாகிவிட்டவர்களும் கேட்கலாம்.

கடைசியாக நிர்வாகக் குழுவின் முடிவு ஒன்று. இனி மருத்துவச் செய்தி எதுவானாலும் இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகே குழுவில் போடப்படும். செயலாளருக்கும் விலக்கு இல்லை. சரி, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்